கப்பலில் பாக்கி வைக்காதவன்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை சுமந்து, பிறகு திருவண்ணாமலையில் சொந்தமாக எண்ணெய் மில் வைத்தேன். யாரிடமும் கடன் சொன்னதில்லை. போன வருடம் மனைவியோடு சென்னையிலிருந்து கப்பல் சுற்றுலா போனபோதும், இறங்குகையில் எவனும் பில் நீட்டக் கூடாது என்று சாப்பாடு முதல் ஊர் சுற்றும் வண்டி வரை முன்பே பணம் கட்டிவிட்டேன்.

நடுக்கடலில் எங்கள் செல்போனில் சிக்னல் கிடைக்கவில்லை. மனைவியின் அக்கா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"ஏங்க, கப்பல் போன்ல அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசிட்றேங்க."

"அது கட்டின காசுல சேராது. தனியா பில்லு போடுவான். கரைக்குப் போய் பேசிக்கலாம், உங்க அக்கா எங்க ஓடிடப் போறாங்க?" என்று சிரித்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

இறங்கும்போது பாக்கி எதுவும் இல்லை என்று சீட்டு கொடுத்தார்கள். அதை அவளிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தபோதே அவள் போன் அடித்தது. அக்கா முந்தின நாளே போய்விட்டார். கடைசிவரை தங்கையைக் கேட்டாராம்.

அக்காவும் தங்கையும் பௌர்ணமிதோறும் சேர்ந்து மலை சுற்றியவர்கள். அடுத்த பௌர்ணமிக்கு அவள் தனியாகக் கிளம்பினாள். "நானும் வரேன்" என்றேன்.

செருப்பில்லாமல் வாசலில் நின்றவள், திரும்பாமலே சொன்னாள். "வேணாங்க. அது நீங்க கட்டின காசுல சேராது."

யாருக்கும் பாக்கி வைக்காதவன் என்று இப்போதெல்லாம் நான் வாய் திறப்பதில்லை.