தண்டவாளத்துக்குக் கிரீஸ்

எங்கள் பசியாவரத்தில் ரயில் ஓடியது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நாலு பக்கமும் ஏரித் தண்ணீர். ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கக்கூட அப்போதெல்லாம் பழவேற்காட்டுக்குப் படகேற வேண்டும். ஆனாலும் ஓடியது. என் சித்தப்பா வீட்டில், கட்டிலை ஓரங்கட்டிவிட்டுப் போட்ட பெரிய பலகையின் மேல். அதை நிறுத்திய பெருமை என்னைச் சேரும்.

சித்தப்பா துறைமுகத்தில் எலக்ட்ரீசியன். சித்தி அவரோடு கோபித்துக்கொண்டு பொன்னேரிக்குத் தாய்வீடு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. தங்கச்சியையும் கூட்டிப் போய்விட்டாள். தங்கச்சி என்றால் சித்தப்பாவின் ஒரே மகள். என்னைவிட ஒரு வயது சின்னவள். பொன்னேரி ஸ்டேஷனில் நின்று பெட்டி எண்ணுவதுதான் அவளுக்குப் பிடித்த விளையாட்டு. அது தெரிந்தபிறகுதான் சித்தப்பாவுக்கு ரயில் பைத்தியம் பிடித்தது. பொம்மை ரயில் என்று சொன்னால் முறைப்பார்.

எஞ்சினும் தண்டவாளமும் சென்னையில் பழசாக வாங்கியவை. மற்றதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு. மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியை அறுத்து மலை செய்தார். கிழிந்த வலையைப் பச்சைச் சாயத்தில் முக்கிப் பிய்த்து மரம் செய்தார். எந்த மலைக்குக் கிட்டப் போய் மோந்தாலும் மத்தி வாசனை வரும். வாராவாரம் ஆன வேலையைப் போட்டோ எடுத்து, தன்னைப் போன்ற பைத்தியங்கள் கூடியிருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். முகம் தெரியாதவர்கள் எங்கிருந்தோ பாராட்டி எழுதுவார்கள். அதையெல்லாம் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். ஒருநாள் ஒருவர், உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குத் தண்டவாளம் துருப்பிடித்துவிடும், கவனம் என்று எழுதியிருந்தார். சித்தப்பா முகம் வாடிவிட்டது. எனக்கும் கவலை பற்றிக்கொண்டது.

ரயில் ஓட ஆரம்பித்த சேதி கேட்டுச் சித்தி மனம் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்து வருகிறேன், அவளுக்குப் பிடித்திருந்தால் பரீட்சை லீவு முழுக்க உங்களோடு விடுகிறேன் என்று போனில் சொன்னாளாம். சித்தப்பா இதை என் அம்மாவிடம் மூன்று தடவை சொன்னார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்.

சனிக்கிழமை அவர் தின்பண்டம் வாங்கப் படகேறிய நேரத்தில் நான் என் நைனாவின் கிரீஸ் டப்பாவோடு உள்ளே போனேன். எங்கள் ஊரில் இரும்பைக் காப்பாற்ற வேறு வழி கிடையாது. போட் எஞ்சினுக்கு நைனா தடவுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அது அத்துப்படி. விரலில் வழித்து, ஓர் அங்குலம் விடாமல் தண்டவாளம் முழுக்கத் தடவினேன். திட்டாகத் தெரிந்த இடத்தைப் பாவாடையால் துடைத்தேன். கரண்டு அந்தத் தண்டவாளம் வழியாகத்தான் எஞ்சினுக்கு ஏறுகிறது, கிரீஸ் அதை மறித்துவிடும் என்று நான் எங்கே கண்டேன்?

மறுநாள் தங்கச்சி பலகை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சித்தப்பா சுவிட்சைப் போட்டார். எஞ்சின் ஒரு சாண் தூரம் போய், உதறிக்கொண்டு நின்றுவிட்டது. கையால் தள்ளினால் நகர்ந்தது, விட்டால் நின்றது. எலக்ட்ரீசியன் அல்லவா, அவர் வயரைத்தான் சந்தேகப்பட்டார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னாப்பா, ஓடாதா?" என்றாள் தங்கச்சி.

"ஓடும்மா. இதோ, அஞ்சே நிமிசம்."

அந்த அஞ்சு நிமிஷம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. சித்தி எழுந்துவிட்டாள். "உங்கப்பா சொன்னது எது நடந்துச்சி, இது நடக்க? கெளம்பு, கடைசி படகு பூடும்."

படகு போனபிறகுதான் நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா சோர்ந்து உட்கார்ந்திருந்தாரே, ஒரு நல்ல சேதி சொல்வோம் என்று.

"சித்தப்பா, கவலப்படாத. இனிமே துரு புடிக்காது. நேத்து நானே கிரீஸ் போட்டுட்டேன்."

அவர் தண்டவாளத்தின்மேல் விரலை வைத்து இழுத்தார். விரலைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத கண்ணு. உங்க நைனா அடிப்பாரு."

கிரீஸை வீணாக்கியதற்கு நைனா அடிப்பார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சொன்னபடியே யாரிடமும் மூச்சுவிடவில்லை. சித்தியிடம்கூட. அவளிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் சித்தப்பா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். ரயில் ஜோராக ஓடியது. வீடியோ எடுத்துப் பொன்னேரிக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. தங்கச்சியும் வரவில்லை. அந்த லீவு முழுக்க நான்தான் ரயில் ஓட்டினேன். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு அலுக்கும்வரைக்கும் ஓட்டவிட்டார். பங்குக்கு ஆள் வரவில்லை என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.