குழலுக்குள் தெரிந்த மரம்

கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தேவாலய நாடகத்தில் எனக்கு இன்ஸ்பெக்டர் வேடம். அதற்காகப் பழம்பொருள் சந்தையில், பொலிஸ் கழித்துவிட்ட ரிவால்வர் ஒன்றை வாங்கினேன். பிடியில் பொலிஸ் முத்திரை இருந்தது. "குழலை அடைத்தாயிற்று, இனிச் சுடாது" என்றார் விற்றவர். நம்பி, பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்தேன். ஒத்திகையில், திருடனாக நடித்த அந்தோனி அண்ணையின் நெற்றியில் வைத்து விசையையும் இழுத்தேன்.

மறுநாள் என் மனைவி அதைத் துடைக்க, குண்டு போடும் உருளையைத் திறந்தாள். குண்டு எதுவும் இல்லை. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தவள் கூவினாள்.

"இஞ்சருங்கோ, குழலுக்குள்ளால மரம் தெரியுது!"

நானும் பார்த்தேன். அடைப்பே இல்லை. உள்ளே பளபளக்கும் வரிகள் சுழன்று சுழன்று போக, முடிவில் எங்கள் ஆப்பிள் மரம் பொட்டளவில் நின்றது. அப்படியொரு அழகு! குண்டு போகும் வழி அதுதான் என்று பிறகுதான் உறைத்தது.

மேசையில் வைத்துவிட்டுப் பொலிஸை அழைத்தோம். "இது இன்றைக்கும் சுடும். நீங்களே அழைத்தது நல்லது" என்று சொல்லி எடுத்துப்போனார் அதிகாரி.

செய்தி கேட்ட அந்தோனி அண்ணை நெற்றியைத் தடவினார்.

"அப்ப, உள்ளுக்குக் குண்டு இல்லையெண்டு பாத்திட்டோ இழுத்தனீ?"

நான் பார்த்திருக்கவில்லை.

இப்போது நாடகத்துக்கு மரத்துப்பாக்கிதான். அதையும் நான் யார் பக்கமும் நீட்டுவதில்லை.