அறுநூற்றில் அக்காவின் மூக்கு

எங்கள் அப்பா லிப்ட் மெக்கானிக். லிப்ட் வந்து நிற்கும்போது தரைக்கும் அதற்கும் நகக்கண் அளவு வித்தியாசம் இருந்தாலும் விடமாட்டார். வெளியே ஆட்கள் நின்று முணுமுணுத்தாலும் காதில் விழாது. திரும்ப ஏற்றுவார், திரும்ப இறக்குவார். அப்படிப்பட்ட நிதானஸ்தர் கையில் ஒரு ஜூம் லென்ஸ் கிடைத்தால் என்ன ஆவார் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அனுபவித்தோம்.

லென்ஸ் ஒரு ஸ்டூடியோவில் லிப்ட் பழுது பார்க்கப் போனபோது பழசாகக் கிடைத்தது. வளையத்தைத் திருகினால் நூற்றைம்பது மில்லிமீட்டரிலிருந்து அறுநூறு வரை இழுக்கும்; எண் ஏற ஏற ஆள் பெரிதாகத் தெரிவார். மாட்டினால் கேமராதான் லென்ஸின் வாலில் தொங்கும். அம்மா அதற்கு 'மூணாவது புள்ள' என்று பெயர் வைத்திருந்தாள். தனி அலமாரித் தட்டு, மெத்தென்ற துணி, மழை வந்தால் முதலில் தூக்கப்படும் மரியாதை. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் இதெல்லாம் கிடைத்ததில்லை.

அக்கா நூறு மீட்டர் தடை ஓட்டக்காரி. விளையாட்டு விடுதியில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. அங்குள்ள கோச் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அவ ஓடுற வீடியோ அனுப்புங்க. ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரே ஷாட். வெட்டக் கூடாது. தலையில இருந்து பாதம் வரைக்கும் தெரியணும். எனக்கு அவ காலைத்தான் பார்க்கணும். ஞாயிறு ஆறு மணிக்குள்ள வரலேன்னா இடத்த வேற பிள்ளைக்குக் குடுத்துடுவேன்."

மைதானத்துப் படிக்கட்டில் அப்பா ஸ்டாண்டை நிறுத்தினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். அதிலேயே முக்கால் மணி நேரம் போனது.

முதல் ஓட்டம். முதல் தடை வரைக்கும் அக்கா முழு ஆளாக இருந்தாள். இரண்டாவதில் இடுப்புக்கு மேல். ஐந்தாவதில் முகம். பத்தாவது தடையைத் தாண்டியது அக்காவின் மூக்கு மட்டும்.

ஓடி முடித்து வந்து வீடியோவைப் பார்த்த அக்கா கேட்டாள்: "அப்பா, கால் எங்கப்பா?"

"காலு கெடக்கட்டும், மூஞ்சியப் பாரும்மா. பல்லக் கடிச்சுக்கிட்டு என்னமா வர்ற!"

"நானென்ன பல்பொடி விளம்பரத்துலயா நடிக்கிறேன்?"

இரண்டாவது ஓட்டத்தில் வளையத்தைத் திருகிய வேகத்தில் ஃபோகஸும் போய், ஆளும் போனாள். அக்கா மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். வீடியோவில் ஒரு குப்பைத் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவதற்கு முன், "இனிமே கை வைக்க மாட்டேன், சத்தியமா" என்றார். சத்தியம் நாலு தடை வரைக்கும் தாங்கியது. நான்காவது ஓட்டத்தில் அக்கா முழங்காலைத் தடையில் இடித்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னும் ஒரு தடவைதான் ஓடுவேன். அதுக்கு மேல காலு வராது."

நான் அப்பாவிடம் போனேன். "ஏம்ப்பா சும்மா சும்மா அதத் திருகுறீங்க?"

"தெரியலடி. அவ ஓட ஆரம்பிச்சதும் கை தானா போகுது. இத்தன வருஷத்துல அவ ஓடி நான் எங்க பார்த்தேன்? அவளுக்குப் போட்டின்னாலே எவனாவது லிப்டுல மாட்டிக்கிறான்."

இதைக் கேட்டு நான் உருகியிருக்க வேண்டும். உருகினேன்தான். ஆனால் மணி ஐந்தேகால்.

வளையம் திரும்பாமலிருக்க அந்த லென்ஸிலேயே ஒரு பூட்டு உண்டு. அதைப் போட்டால் எங்கே திறப்பதென்று அப்பாவுக்கும் தெரியும். அதனால் அவர் பேட்டரி மாற்றக் குனிந்தபோது, அவர் பையிலிருந்தே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, வளையத்தை நூற்றைம்பதில் வைத்து நாலு சுற்றுச் சுற்றினேன். கறுப்பில் கறுப்பு. கண்ணுக்கே தெரியவில்லை.

அக்கா ஓடினாள். அப்பாவின் கை போனது. "என்னடா இது, இறுகிடுச்சு" என்றார். இன்னொரு தடவை முயன்றார். மூன்றாவது தடைக்கு மேல் விட்டுவிட்டு, ஸ்டாண்டின் கைப்பிடியைப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே கேமராவைத் திருப்பினார்.

திரையில் போட்டுப் பார்த்தோம். பாதம் இருந்தது. பத்துத் தடையும் இருந்தது. அப்பா திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டார். அப்புறம் மெதுவாக, "இவ குதிக்கவே இல்லியே. தலை ஒரே மட்டத்துல போகுது பாரு" என்றார்.

"அதுதாம்பா ஹர்டில்ஸ்" என்றாள் அக்கா.

அப்போதுதான் அவர் விரலில் டேப் தட்டுப்பட்டது. "யாரு வேல இது?"

"இறுகிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கோந்து ஒட்டிக்கும்டி, கழுத! லென்ஸ்ல போய் யாராவது டேப்பு சுத்துவாங்களா?"

அவர் மண்ணெண்ணெயா ஸ்பிரிட்டா என்று புலம்பிக்கொண்டிருக்கும்போதே நான் வீடியோவைப் போனுக்கு மாற்றி கோச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஆறுக்கு எட்டு நிமிஷம் இருந்தது. ஆறே காலுக்குப் பதில் வந்தது: 'கால் நல்லா இருக்கு. புதன்கிழமை பெட்டியோட வரச் சொல்லுங்க.'

அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெரித்தாள். அப்பா அந்தச் செய்தியை மூன்று தடவை படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அங்க பெத்தவங்கள மைதானத்துல இருந்து எத்தன மீட்டர் தள்ளி நிக்க வைப்பாங்க?"

"அப்பா!"

"இல்ல, எண்ணூறு வரைக்கும் இழுக்குற லென்ஸ் ஒண்ணு வந்திருக்காம்."