கரண்ட் போன பிறகு

1999, ஆடிப்பெருக்குக்கு மறுநாள், புதன்கிழமை. சோமனூரில் அண்ணனின் தறிக்குடோனில் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. எட்டுத் தறிகளும் நின்ற அமைதியில் அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். வாய் ஒரு பக்கம் இழுக்க, வெறும் சத்தம்தான் வந்தது. தறி ஓட்டுபவர் அவரையும் அண்ணியையும் வாடகைக் காரில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்தார். பீளமேட்டில் வேலையிலிருந்த நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஸ்கேன் முடிந்திருந்தது. மணி பன்னிரண்டரை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். அதைக் கரைக்கும் ஊசி எங்கள் பக்கம் அப்போது புதிது. மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பேச்சு திரும்ப வாய்ப்புண்டு. தாண்டிப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

"கடைசியா நல்லாப் பேசுனது எப்பங்க?"

"தறி ஓடறப்ப யாருங்க பேசறாங்க? எல்லாம் சாடைதானுங்க," என்றார் தறி ஓட்டுபவர். "பத்து மணிக்கு டீ வேணுமான்னு கேட்டாருங்க. இப்படி." கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினார்.

அண்ணி நிமிர்ந்தார். "பத்து மணிங்க. அப்ப நேரம் இருக்குதுல்லீங்க?"

டாக்டர் அந்த விரலையே பார்த்தார். "எந்தக் கையிலங்க காட்டுனாரு?"

தறி ஓட்டுபவர் யோசித்தார். "இடது கைங்க. எப்பவும் சோத்தாங்கைலதான் காட்டுவாரு." சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது போலிருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கு முன் அண்ணன் பேசிக் கேட்டது அண்ணி மட்டும்தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பும்போது, "ராத்திரிக்குக் கொள்ளுப்பருப்பு கடைஞ்சு வெய்யி" என்றாராம்.

"பத்து மணிக்கே வலது கை வரலைங்க. எப்ப வந்துச்சுன்னு தெரியாம அந்த ஊசி போட முடியாதுங்கம்மா," என்றார் டாக்டர்.

வராந்தாவில் அண்ணி தறி ஓட்டுபவரிடம் கேட்டார், சத்தமில்லாமல். "சோத்தாங்கைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னங்கண்ணா?" பதில் அண்ணிக்கும் தெரியும்.

இப்போது தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியையே வெளியே இழுத்துவிடுகிறார்களாம். படிக்கும்போதெல்லாம் அந்தப் புதன்கிழமைதான் ஞாபகம் வருகிறது.

தை பிறந்ததும் அண்ணன் குடோனுக்குத் திரும்பினார். தறி ஓடும்வரை அவரிடம் ஒரு குறையும் தெரியாது; இடது கையாலேயே ஏவுவார், திட்டுவார், டீ சொல்வார். கரண்ட் போனால் ஆளாளுக்குப் பேச ஆரம்பிப்பார்கள். அப்போது அவர் எழுந்து, வலது காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். தறிச்சத்தம் மறுபடி கேட்ட பிறகே உள்ளே வருவார்.