ரோஜாவுக்கு ஊற்றிய மீன் தண்ணீர்

தோட்ட வேலையில் பாம்பையும் பூரானையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் நடுநடுங்கிப் போனது ஒரு பன்னீர் ரோஜாச் செடியால்தான்.

தூத்துக்குடித் துறைமுகம் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் பங்களாவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கான்ட்ராக்ட் வேலை, போ என்றால் போக வேண்டியதுதான். வாசலில் நின்ற ரோஜா முதலாளியம்மா கையால் வைத்தது. மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனபோது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. மொட்டுகள் விரியாமலே காய்ந்தன.

முதலாளி வந்து பார்த்தார்.

"ஏலே சுடலை, என்னல இது, தீயில வாட்டுன மாதிரி நிக்கி? அவ வாரதுக்குள்ள தளிர்க்கலன்னா நீ வேற எடம் பாத்துக்கோ."

அன்றைக்கே செடியைச் சுற்றி வந்து பார்த்தேன். கடற்காற்று என்றால் கடலைப் பார்த்த பக்கம்தானே கருக வேண்டும்? இது சுற்றிலும் கருகியிருந்தது. வேரடியைக் கிளறினேன், மீன் செதில் கிடந்தது. மண்ணை நாக்கில் வைத்தேன். ஒரே உப்புக் கரிப்பு.

மறுநாள் வழக்கத்துக்கு முன்பே, விடிந்ததும் போனேன். வாட்ச்மேன் அந்தோணி அண்ணன் வாளியோடு செடியருகே நின்றார்.

"யண்ணே, என்ன ஊத்துதிய?"

"மீன் கழுவுன தண்ணி தம்பி. எங்க வீட்டு ரோசா இதுலதான் கொத்துக் கொத்தா பூக்கும். ஒனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு டூட்டிக்கு வரும்போது மீன் ஏலக்கூடத்துல புடிச்சிட்டு வாரேன்."

"வீட்ல எந்தத் தண்ணில கழுவுவிய?"

"கொழாத் தண்ணிலதான்."

"ஏலக்கூடத்துல?"

அவர் முகம் வெளுத்தது. "கடல் தண்ணில... யேசுவே! தம்பி, மொதலாளிட்ட சொல்லிராத. பிள்ளைய படிக்குதுவ."

சொன்னால் அவர் வேலை போகும். செடி பட்டுப்போனால் என் வேலை போகும். மண்ணில் உப்பு ஏறிவிட்டது, கவாத்து பண்ண வேண்டும் என்று மட்டும் முதலாளியிடம் சொன்னேன்.

"வெட்டுனா பொழைக்குமா?"

"பொழைக்கும் சார்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

மேல்மண்ணை அள்ளிவிட்டு உடன்குடிச் செம்மண் போட்டேன். நல்ல தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஊற்றி உப்பைக் கீழே இறக்கினேன். பிறகு கத்தரியை எடுத்தேன். முதல் கொப்பை வெட்டினால் உள்ளே பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. இன்னும் கீழே இறங்கி வெட்டியபோதுதான் பச்சை தெரிந்தது. வெட்டுவாயில் மருந்து தடவிவிட்டுக் காத்திருந்தேன். அந்தோணி அண்ணன் செடிப் பக்கமே வரமாட்டார். கேட்டில் நின்றபடி கண்ணாலேயே கேட்பார்; நான் தலையாட்டுவேன், இல்லை என்று.

முதலாளியம்மா வருகிற வாரம், ஒரு கணுவில் அரிசி அளவுக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. தொட்டுப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. தளிர்தான்.

அம்மா வந்ததும் செடியைப் பார்த்துத் திகைத்தார். "என்ன சுடலை, இப்படி மொட்டையடிச்சி வச்சிருக்க?"

கேட்டிலிருந்து அந்தோணி அண்ணன் விறுவிறுவென்று வந்தார்.

"அவன் மேல குத்தமில்லம்மா. நாந்தான் கடல் தண்ணிய ஊத்திக் கெடுத்தேன்."

அம்மா குனிந்து தளிரைப் பார்த்தார். "இனிமே வீட்லருந்து கொண்டாரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்தத் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் வேருக்கு ஊற்றாதீர்கள். அந்தோணி அண்ணன் இன்றும் வீட்டிலிருந்து மீன் தண்ணீர் கொண்டுவருகிறார். ஒரு சொட்டைத் தன் நாக்கில் வைத்து, முகத்தைச் சுளித்த பிறகுதான் வாளியை என்னிடம் நீட்டுவார்.