ஆடியில் கல்லூரிக்கு அழைத்துப் போன எங்கள் நைனா

முதல் வருஷத் திதிக்கு வந்து, இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகள் எழுதுவது. காகிதத் தட்டுப்பாட்டினால் சில பக்கங்களுக்கு மேல் அச்சிட முடியவில்லை. அதுவும் நல்லதுதான். அதிகம் புகழ்ந்தால் எங்கள் நைனாவுக்குப் பிடிக்காது.

நைனா செஞ்சிப் பக்கம் வல்லத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். நடக்கப் பழகும் முன்பே தாயை இழந்து, அனந்தபுரத்தில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, அந்த மாமன் மகளையே, அதாவது எங்கள் அம்மாவை, மணந்தார்கள். மானாவாரியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நெல். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் பஞ்சாங்கம் பார்ப்பதில் புலி. ஆடு வாங்குவதற்குக்கூட நாள் பார்ப்பார்கள். "உங்க நைனாவுக்குப் பசிக்கிறதுக்கும் நல்ல நேரம் வரணும்" என்று அம்மா கேலி செய்வார்கள்.

அந்தப் பஞ்சாங்கத்தால் எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய தவறு நடந்தது. என் அண்ணன் தினமும் செஞ்சிக்கு நடந்து போய்ப் பள்ளிப் படிப்பை முடித்தவர். கல்லூரிக்குத் தகுதி என்று தேர்வானார். யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷம், ஆனி மாதத்தில் சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. பத்து நாளுக்குள் வந்து சேர வேண்டும். நைனா பஞ்சாங்கத்தை விரித்தார்கள். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வியாழன் அஷ்டமி, வெள்ளி நவமி. அதற்கப்புறம் அண்ணனுக்குச் சந்திராஷ்டமம். அது முடிவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. "ஆடியில எவனாச்சும் நல்ல காரியத்துக்குப் பொறப்படுவானா? காலேஜு எங்க ஓடிப்பூடும்? ஆவணி பொறந்ததும் போலாம்" என்றார்கள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் புது டிரங்குப் பெட்டியோடு இருவரும் சென்னைக்குப் போனார்கள். கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னாராம்: "பெரியவரே, ஒரு மாசம் முன்னாடி வந்திருக்கணும். அந்த இடத்துல வேற பையன் உட்கார்ந்து பாடம் படிக்கிறான்."

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினார்கள். அடுத்த வருஷம் கிணற்றடியில் நைனா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. மாடுகளைப் பிடிக்க அண்ணனை விட்டால் ஆளில்லை. அவர் அன்று பிடித்த ஏரை இன்றும் விடவில்லை. புது டிரங்குப் பெட்டியில் அம்மா விதைமல்லாட்டை போட்டு வைத்தார்கள்.

கால் தேறியதும் நைனா வேறு மனிதரானார்கள். பரீட்சை முடிவு வந்தால் போதும், தாங்கித் தாங்கி நடந்து ஊர் ஊராகப் போய், "கடுதாசி வந்துச்சா?" என்று கேட்பார்கள். வந்திருந்தால் தாமே அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டு வருவார்கள். நாள் சரியில்லை என்று எந்த வீட்டிலாவது சொன்னால் சண்டைதான். "ஆடிப் பட்டம் தேடி வெதைன்னு வெதைய மண்ணுல போடுறியே, புள்ளைய மட்டும் இன்னாத்துக்கு ஊட்ல அடைச்சி வெச்சிருக்க?" என்பார்கள். ஊரில் அவர்களுக்குக் 'காலேஜுத் தரகர்' என்று பெயர். மாட்டுத் தரகரையாவது வீட்டுக்குள் கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள், இவரைக் கண்டால் கதவைச் சாத்தினவர்களும் உண்டு. அவர்களில் சிலர் இன்று இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளும் படித்துவிட்டார்கள், அதனால் கோபமில்லை.

இதெல்லாம் ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நம்ம தாலுக்காவுக்கு வர்ற டாக்டரு, முனிசீப்பு, பெரிய வாத்தியாரு எல்லாம் வெளியூரு. நம்ம சனம் மனுவ வெச்சிக்கினு வெளிய நிக்குது. நம்ம வலிய நம்ம ஆளு கேட்டாதான் புரியும், பாப்பா" என்றார்கள். மூன்றாம் வகுப்புப் படித்தவர் சொன்ன இதைவிட நல்ல காரணத்தை நான் கல்லூரியிலும் கேட்டதில்லை. மாகாணத்தில் எத்தனையோ ஊர்களில் பள்ளி முடித்த பிள்ளைகள், சொல்லித்தர ஆளில்லாமல், அழைத்துப் போக ஆளில்லாமல் நின்றுபோகிறார்கள். அறிவுக் குறைவால் அல்ல. சுதந்திரம் வந்துவிட்டது. இனியாவது இது மாற வேண்டும்.

யுத்தம் முடியும் தறுவாயில் என் முறை வந்தது. கடிதம் வந்தபோது ஆடி பிறந்திருந்தது, நிலத்தில் விதைப்பு பாதியில் இருந்தது. "பொட்டப்புள்ள, அதுவும் ஆடியில, அதுவும் பட்டணத்துக்கா?" என்று பெரியப்பா குதித்தார். நைனா அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன், "நீ கூட்டிக்கினு போ நைனா. மிச்சத்த நான் வெதைச்சிக்கிறேன்" என்றார். விதையைக் கூடையில் கொட்டிவிட்டு, அதே டிரங்குப் பெட்டியில் என் துணிகளை வைத்தார்கள். பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் திண்டிவனம், அங்கிருந்து ரயில். அன்று மாலை கல்லூரி விடுதியில் இருந்தேன். என் புடவைகளில் வருஷம் முழுக்க மல்லாட்டை வாசனை.

சென்ற ஆண்டு நைனா படுக்கையில் விழுந்தார்கள். ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த அண்ணனிடம், "எம்மேல கோவமாடா?" என்று கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர்.

"இருந்திச்சி நைனா. தங்கச்சி இண்டர்மீடியட் தேறினப்ப கொஞ்சம் கொறைஞ்சிச்சி. முழுசா போவல."

"போவக்கூடாதுடா. போயிட்டா, நாளைக்கு உம்புள்ளைக்கு நீயும் நாள் பாப்ப" என்றார்கள் நைனா. அண்ணன் நைனாவின் வாயைத் துடைத்துவிட்டார். நான் வெளியே போய் அழுதேன்.

நோயின்போது செஞ்சியிலிருந்து வந்து பார்த்த டாக்டருக்கும், கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றிய பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும், நைனா கல்லூரிக்கு அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்ட, லீவு போட்டுவிட்டு ஓடிவந்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதி முடித்ததும் அவரிடம் கொடுத்து, நைனாவின் தவறைப் பற்றிய பகுதியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். நிதானமாகப் படித்தார். பென்சிலால் இரண்டு பிழைகளைத் திருத்தினார்.

"நல்லவருன்னு எல்லாருந்தான் எழுதுறாங்க. தப்பையும் போடு. கடுதாசிய வெச்சிக்கினு நாள் பாக்கிறவன் ஒருத்தனாச்சும் படிக்கட்டும்" என்றார்.