கலர் பார்க்க ஒரு முகம்

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த மாதத்தில்தான் அந்தப் படம் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால்தான் எனக்கு இவ்வளவு கோபம். தனித்தனியாக வந்திருந்தால் வழக்கம்போல நாலு திட்டுத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

நான் சினிமாப் பைத்தியம். ஓடைப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைப் பந்தல் இருக்கிறது. நாள் முழுக்கப் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்று கழுத்து விட்டுப்போனாலும், புதுப்படம் என்றால் தேனிக்குப் பஸ் ஏறிவிடுவேன். வீட்டுக்காரர் துணைக்கு வருவார். இடைவேளை வரைக்கும் தூங்குவார், எழுந்து பப்ஸ் தின்பார், மறுபடியும் தூங்குவார். நான் கண் கொட்டாமல் பார்ப்பேன். நடிகர்களின் முகத்தை எல்லாரும்தான் பார்க்கிறார்கள், நான் கையைப் பார்ப்பேன். விவசாயியாக வரும் பெரிய கதாநாயகன் மண்வெட்டியை விளக்குமாறு மாதிரிப் பிடித்திருந்தால் அதற்குப் பிறகு அவர் எவ்வளவு அழுதாலும் எனக்கு ஒட்டாது.

அம்மா வேஷத்துக்கே வருகிற ஒரு நடிகை இருக்கிறார். ஒரு படத்தில் வசனம் பேசிக்கொண்டே சின்ன வெங்காயம் உரிப்பார். கவனமெல்லாம் பேச்சில் இருக்கும், கட்டைவிரல் நகம் மட்டும் தன்பாட்டுக்குத் தோலைக் கிள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நகத்துக்காகவே மூன்று தடவை போனேன். போஸ்டரில் அவர் முகத்தைத் தேடினேன், இல்லை. கதாநாயகியின் முகம்தான் சுவர் முழுக்க இருந்தது. அந்தக் கதாநாயகி படம் முடிகிறவரை ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லை.

இப்படிப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவளின் பந்தலுக்கே போன வருஷம் அறுப்பு நேரத்தில் ஷூட்டிங் கேட்டு வந்தார்கள். வீட்டுக்காரர் தயங்கினார். "பழம் முத்தி நிக்கிற நேரம். மிதிச்சு மேஞ்சிட்டுப் போயிருவாக" என்றார். "சும்மா இருங்க, ரெண்டு நாள்தான" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். எனக்குள் வேறு ஆசை இருந்தது. நாற்பத்தேழு வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது. ஒரு ஓரத்தில், ஒரே ஒரு காட்சியில் நின்றால் போதும் என்று இருந்தது.

முதல் நாள் காலையில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போய், காதில் மைக் மாட்டிய உதவி இயக்குநரிடம் கேட்டேவிட்டேன். "தம்பி, சின்னதா ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. கூட்டத்துல நிக்கிறதுன்னாலும் சரி."

அவன் என்னை மேலிருந்து கீழே பார்த்தான். மரியாதையாகத்தான் சொன்னான். "தப்பா நினைக்காதீங்கக்கா, உங்க கலர் ஸ்கிரீன்ல எடுபடாது. பந்தலுக்குள்ள வேற நிழலா இருக்கு. முகமே தெரியாது."

சரி, தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று விலகி வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவனே ஓடிவந்தான். "அக்கா, மேக்கப்மேன் உங்களக் கூப்பிடுறாரு." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மனசு மாறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எதற்கு மேக்கப்மேன் கூப்பிடுவார்? வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்றில் கதாநாயகி உட்கார்ந்திருந்தாள். வடக்கேயிருந்து வந்த பெண், உரித்த முள்ளங்கி நிறம். இன்னொன்றில் என்னை உட்கார வைத்தார்கள். மேக்கப்மேன் பஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். நான் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக் காட்டினேன்.

கன்னத்தில் எதுவும் படவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் என் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவை வைத்து நிறம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழிப்பதைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு இல்லக்கா. கலர் பாக்கத்தான். அப்படியே அசையாம இருங்க."

அட கொடுமையே! அரைமணி நேரம் அசையாமல் இருந்தேன். எழுந்து போகவில்லை. எழுந்து போயிருக்க வேண்டும். அவர் என்னை ஒரு தடவை பார்ப்பார், அந்தப் பெண்ணுக்கு ஒரு பூச்சுப் பூசுவார். கழுத்து, காது மடல், முழங்கை எல்லாம் பூசினார். கடைசியில் அவள் கையையும் என் கையையும் சேர்த்துப் பிடித்து வெயிலில் திருப்பிப் பார்த்து, "கரெக்ட்டு" என்றார். எடுபடாத கலரை எடுபடுகிறவள் மேல் பூசி முடித்தாயிற்று. என்னைப் போகச் சொன்னார்கள்.

போனேனா? போகவில்லை. பந்தல் ஓரத்தில் நின்றேன். படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் திராட்சைக் குலையை உள்ளங்கையால் கப்பென்று பிடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, பழத்தப் பிடிக்காத! காம்பப் பிடி!" என்று கத்திவிட்டேன். பழத்தின் மேல் மாவு தூவினது போல ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். கை பட்டால் அழிந்துவிடும், அழிந்தால் வியாபாரி பழசு என்பான். இது ஓடைப்பட்டியில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். கேமராவை நிறுத்திவிட்டு இயக்குநர் என்னை எரிப்பது போலப் பார்த்தார். பிறகு அவருக்கே புத்தி வந்தது. "அந்த அக்கா கையை மட்டும் எடுத்துக்கலாம்" என்றார்.

வெயிலுக்கும் மருந்து நெடிக்கும் நாங்கள் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை செய்வோம். அதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். வெறுங்கையோடு ஆறு தடவை குலை வெட்டினேன். முகம் தெரியாத என் கலர், முழங்கைக்குக் கீழே நன்றாகத் தெரிந்தது போலிருக்கிறது.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. இதற்கிடையில் மகளுக்கு இடம் பார்க்க ஆரம்பித்தோம். சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். என்னை உரித்து வைத்தது போல இருப்பாள், நிறமும் அப்படியே. தேனியில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துத் தரகருக்குக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துக் கம்பத்திலிருந்து ஒரு நல்ல இடம் தகைந்து வந்தது. போட்டோவைப் பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று தரகர் சொன்னார். அதற்கு முந்தின புதன்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, பகல் காட்சிக்கு மூன்று பேரும் அந்தப் படத்துக்குப் போனோம்.

என்ன படம் எடுத்திருக்கிறார்கள், நாசமாய்ப் போக! எங்கள் ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் இடுப்பில் அரிவாளோடுதான் டீ குடிக்கிறார்கள். கதாநாயகி குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே பாட்டில் ஓடைப்பட்டிக்கு நடந்து வந்துவிடுகிறாள். எனக்கு அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். பெற்ற அப்பனை "எங்கப்பா வந்துட்டாய்ங்க" என்கிறாள். எங்கள் பக்கம் அப்பாவை "வந்துட்டாக" என்போம். "வந்துட்டாய்ங்க" என்பது வேலிக்குள் புகுந்து பழம் திருடுகிறவர்களை. பிறகு என் கைகள் வந்தன. திரை முழுக்க இரண்டு கைகள், நகக்கண்ணில் கறை, காம்பைப் பிடித்து நறுக்கென்று ஒரு வெட்டு. மகள் என் தொடையைக் கிள்ளினாள். அடுத்த நொடியே அந்த முகம் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர், "பாத்தியா, மேக்கப்பே இல்லாம நடிச்சிருக்கா" என்று தன் மனைவியிடம் சொன்னார்.

திரும்பி ஒரு வாங்கு வாங்கியிருப்பேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார், ஆச்சரியமாக அன்று அவர் முழித்திருந்தார்.

பஸ்ஸில் மகள் போனில் ஒரு பேட்டியைக் காட்டினாள். பந்தலில் ஒரு மாதம் பழகி, வெயிலில் நின்று உடம்பைக் கறுக்க வைத்ததாகக் கதாநாயகி சொன்னாள். கேட்டவன் கைதட்டினான். அவ்வளவுதான், தேனியிலிருந்து சின்னமனூர் வரைக்கும் என் வாய் ஓயவில்லை. "எங்க கலரு வேணும், நாங்க வேணாமா? கறுப்பியாட்டம் நடிக்க ஒரு கறுப்பி ஆகாதாக்கும்? வெளங்குவாய்ங்களா இவய்ங்க!" முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாக்கட்டும்" என்றேன்.

மறுநாள் காலையிலும் எனக்கு ஆறவில்லை. மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலை வாரிக்கொண்டே, சத்தம் போடாமல் கேட்டாள். "ஏம்மா, ஸ்டூடியோக்காரர்கிட்ட எம் போட்டோவுக்கு நீ என்ன சொன்ன?"



போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு அந்த ஆள் கேட்டார், "கொஞ்சம் கலர் ஏத்தி விடட்டுமாக்கா?" என்று. "ஏத்துங்க" என்றேன். ஏற்றினார். "இன்னுங் கொஞ்சம்" என்றேன். கழுத்தும் கையும் தனியாகத் தெரிந்தன. "அங்கனயும் ஏத்தி விட்ருங்க" என்றேன். மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கேட்காது என்று நினைத்தேன்.

"எனக்குக் கேட்டுச்சும்மா. மூணு மாசமாக் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றாள். "அந்த மேக்கப்மேன் உங்களுக்கு இல்லக்கான்னு சொன்னப்ப எப்பிடி இருந்துச்சுன்னு ஒரு வருஷமாச் சொல்றியே. எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு." சீப்பை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோபமாகப் போயிருந்தால்கூடத் தேவலை.

அன்று பந்தலுக்குப் போகவில்லை. சின்ன வயதிலிருந்து அவளிடம் நான் சொன்னதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. வெயிலில் நிற்காதே. அந்தக் கலர் சுடிதார் உனக்கு எடுக்காது. முகத்துக்கு இதைத் தடவு. அந்த உதவி இயக்குநராவது ஒரு தடவைதான் சொன்னான். நான் தினம் சொல்லியிருக்கிறேன், அதுவும் பாசம் என்று நினைத்துக்கொண்டு.

மத்தியானம் என் போனில் தேடி ஒரு போட்டோவை எடுத்தேன். பந்தலுக்கு வெளியே உச்சி வெயிலில் பழம் அடுக்கிய கிரேடுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். அதைத் தரகருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார்.

"ஆத்தா, போட்டோ இருட்டா வந்துருக்கே. வெளிச்சத்துல எடுத்தது இருந்தா அனுப்பு."

"நல்ல வெயில்ல எடுத்ததுதான்யா. எம் மக கலரே அதுதான். மொதல்ல குடுத்ததுதான் பொய்யி. அத நாந்தான் பண்ணச் சொன்னேன்."

 "ஞாயித்துக்கெழம வாராக தாயி. இந்த நேரத்துல எதுக்கு இது? நேர்ல வந்து பேசிப் பழகுனா ஒண்ணும் தெரியாது" என்றார்.

"இதையே அனுப்புங்க. பாத்துட்டு வரட்டும்" என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் கூட்டிக் கழுவி, கேசரி கிண்டி, பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவி வைத்திருந்தேன். மகள் முகத்துக்கு எதுவும் போடவில்லை, நானும் போடச் சொல்லவில்லை. நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஐந்தரைக்கும் வரவில்லை. தரகரும் போனை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மகள் உள்ளே போய் ஒரு தட்டில் கேசரியை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனுஷர்கள் இவர்கள், ஒரு போட்டோவை வைத்து என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார் என்று திட்ட வாயைத் திறந்தேன். மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.